ஜெனரேட்டர் இருந்தது, தண்ணீர் வரவில்லை

(நமது அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கல்வி உதவித்தொகை, மருத்துவ உதவி, ஏழைக் குமர்களின் திருமண உதவி பற்றிப் பேசுவோம். இன்று டீசல் ஜெனரேட்டரைப் பற்றிப் பேசப் போகிறோம். "இது நம் வேலையா?" என்று சிலருக்குத் தோன்றலாம். நம் பகுதியின் குடிநீர் நிலையத்திலும் கழிவுநீரேற்று நிலையத்திலும் உள்ள பழைய ஜெனரேட்டர்களை எடுத்துவிட்டுப் புதியவை வைக்கப் போகிறார்கள். அளவெடுக்க ஆட்கள் வந்து போனதை நீங்களே பார்த்திருப்பீர்கள். இந்த நேரத்தில் நாம் கேட்க வேண்டியதைக் கேட்காவிட்டால், அடுத்த புயலில் அதன் விலையைக் கொடுப்பவர்கள் நம் தரைத்தள வீடுகளில் இருப்பவர்கள்தான். அதனால்தான் இந்தப் பேச்சு.

2016 டிசம்பர் 12, வர்தா புயல் சென்னையைக் கடந்த நாள். மறந்திருக்க மாட்டீர்கள். ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல இடங்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கேன் தண்ணீர் வாங்கலாம் என்றால் கையில் செல்லக்கூடிய பணம் இல்லை, ஏ.டி.எம். வேலை செய்யவில்லை.

முதல் நாள் எல்லாரும் சமாளித்தோம். மேல்தொட்டியில் இருந்த தண்ணீர் போதுமாக இருந்தது. இரண்டாம் நாள் தொட்டிகள் காலி. மூன்றாம் நாள் காலையில் நம் மஹல்லாவின் தாழ்வான இரண்டு தெருக்களில், தரைத்தள வீடுகளின் கழிப்பறை வழியாகச் சாக்கடை மேலே வந்தது. அன்று மதியம் நம் ஜமாஅத்தில் ஒரு மூதாட்டி வஃபாத் ஆனார்கள். மையித்தைக் குளிப்பாட்டப் பள்ளிவாசலில் தண்ணீர் இல்லை. நான்கு வீடுகளில் மிச்சம் இருந்ததைக் கேட்டு வாங்கி, குடத்தில் சுமந்து வந்து குளிப்பாட்டினோம். அந்தக் குடும்பத்தார் இன்று இந்த அவையில் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் நமக்கு அது தீராத வெட்கம்.

ஏன் வெட்கம் என்று சொல்கிறோம்? கழிவுநீரேற்று நிலையத்தில் ஜெனரேட்டர் இருந்தது. பள்ளிவாசலிலும் நம் அறக்கட்டளை வாங்கி வைத்த ஜெனரேட்டர் இருந்தது. இரண்டுமே ஓடவில்லை.

நிலையத்துக்குப் போய்க் கேட்டோம். அங்கே இருந்த ஊழியர் இரண்டு நாட்களாக வீட்டுக்குப் போகாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன பண்றது பாய், பேட்டரி இறங்கிப் போச்சு. கேட்டு எழுதியிருக்கோம், இன்னும் வரல" என்றார். நம் இளைஞர்கள் ஒரு லாரியிலிருந்து பேட்டரியைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எந்திரம் ஓடியது. ஒரு மணி நேரத்தில் நின்றுவிட்டது. டாங்கியின் அடியில் பல மாதங்களாகத் தங்கியிருந்த கசடும் தண்ணீரும் கலங்கி வந்து ஃபில்டரை அடைத்துவிட்டன.

அவரைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. நம் பள்ளிவாசல் ஜெனரேட்டரைத் திறந்து பார்த்தபோது அதே கதைதான். வாங்கிய நாளில் துஆ ஓதி, போட்டோ எடுத்து, இதே மடலில் செய்தி போட்டோம். அதன்பிறகு ஒரு தடவைகூட ஹவுளுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை அதில் ஓட்டிப் பார்க்கவில்லை. வாங்கியதோடு கடமை முடிந்தது என்று நினைத்துவிட்டோம். அந்தத் தவறு நம்முடையது.

இப்போது, கரண்ட் போனால் சாக்கடை ஏன் வீட்டுக்குள் வருகிறது என்பதைப் பார்ப்போம். சென்னை தட்டையான ஊர். பெரும்பகுதி கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. கழிவுநீர் தானாக ஓடிச் சுத்திகரிப்பு நிலையம்வரை போய்ச் சேராது. ஒவ்வொரு பகுதியிலும் அது ஒரு ஆழமான கிணற்றில் வந்து சேர்கிறது. அங்கிருந்து பம்பு வைத்து அடுத்த நிலையத்துக்குத் தள்ளுகிறார்கள். இப்படி மாநகரில் 200-க்கும் மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய சுத்திகரிப்பு நிலையங்களுக்கு இப்படித்தான் கழிவுநீர் போய்ச் சேர்கிறது. பம்பு நின்றால் கிணறு நிரம்பும். கிணறு நிரம்பினால் குழாய்கள் நிரம்பும். குழாய்கள் நிரம்பினால், எந்த வீட்டுக் கழிப்பறை மிகத் தாழ்வாக இருக்கிறதோ அதன் வழியாக வெளியே வரும். மூன்றாவது மாடியில் இருப்பவர் தொட்டியில் மிச்சமுள்ள தண்ணீரை ஊற்றினால், அது கீழ்வீட்டுக்காரர் கூடத்தில் வந்து நிற்கும். மேல்மாடிக்காரருக்குத் தெரியவே தெரியாது.

குடிநீர்க் குழாயில் இன்னொரு ஆபத்து. குழாயில் அழுத்தம் இருக்கும்வரை உள்ளே இருக்கும் நல்ல தண்ணீர்தான் வெளியே கசியும். அழுத்தம் போய்விட்டால், வெளியே தேங்கி நிற்கும் அழுக்கு நீர் விரிசல் வழியாக உள்ளே போகும். ஒரே நேரத்தில் சாக்கடை வழிந்து, குடிநீர் அழுத்தமும் இல்லாமல் போனால் வயிற்றுப்போக்கும் மஞ்சள் காமாலையும் வீடு தேடி வரும். முதலில் பாதிக்கப்படுவது குழந்தைகள்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பது என்று நினைக்க வேண்டாம். 2012 அக்டோபர் 29 அன்று சாண்டி புயல் நியூயார்க் நகரைத் தாக்கியது. உலகத்தின் பணக்கார நகரங்களில் ஒன்று. அங்கே 14 கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் 10 பாதிக்கப்பட்டன. 96 நீரேற்று நிலையங்களில் 42, சேதத்தாலோ மின்தடையாலோ நின்றுபோயின. சுத்திகரிக்காத கழிவுநீர் ஆற்றிலும் கடலிலும் கலந்தது. அதன்பிறகுதான் ஒவ்வொரு நிலையமாகக் கணக்கெடுத்து, மின்சாதனங்களை உயரத்துக்கு மாற்றுவது, தண்ணீர் புகாமல் அடைப்பது, மாற்று மின்சாரம் வைப்பது என்று திட்டம் போட்டார்கள்.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் 2022 நவம்பர் 27 அன்று புயலும் இல்லை, வெள்ளமும் இல்லை. ஒரு பெரிய குடிநீர் நிலையத்தில் மின்மாற்றிகள் பழுதாகிக் கரண்ட் நின்றது. குழாய்களில் அழுத்தம் குறைந்தது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கும்படி அறிவிப்பு வந்தது. பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டார்கள். பழுது மின்மாற்றியிலேயே இருந்ததால் ஜெனரேட்டரால் உதவ முடியவில்லை. மாற்று மின்சாரம் பம்பு வரைக்கும் போய்ச் சேருவதற்கு நல்ல வழி இல்லாவிட்டால், ஜெனரேட்டர் இருந்தும் பயனில்லை.

ஆகவே சகோதரர்களே, பழைய எந்திரத்தை எடுத்துவிட்டுப் பளபளப்பான புதிய எந்திரத்தை வைப்பதோடு நாம் திருப்தி அடையக் கூடாது. ஆறு விஷயங்களை மரியாதையோடு எழுத்தில் கேட்க வேண்டும்.

முதலாவது, எந்த உயரத்தில் வைக்கிறார்கள்? 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் நம் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்பது நம் வீட்டுச் சுவர்களுக்குத் தெரியும். அந்தக் கறைக்கு மேலே எந்திரம் இருக்க வேண்டும். எந்திரம் மட்டும் போதாது. பேட்டரி, மின்பலகை, டீசல் டாங்கி எல்லாமே மேலே இருக்க வேண்டும். எந்திரத்தை மேடையில் ஏற்றிவிட்டு மின்பலகையைத் தரையில் விட்டால் ஏற்றியும் பயனில்லை.

இரண்டாவது, அது எத்தனை பம்புகளை இழுக்கும்? மோட்டார் ஓடும்போது எடுக்கும் கரண்ட் வேறு, ஸ்டார்ட் ஆகும்போது எடுக்கும் கரண்ட் வேறு. நேரடியாக ஸ்டார்ட் செய்தால் ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். இதைக் கணக்கில் எடுக்காமல் வாங்கிய ஜெனரேட்டர், விளக்குகளை எரிய வைக்கும். பம்பைப் போட்டதும் திணறி நின்றுவிடும். பம்புகளை ஒன்றன்பின் ஒன்றாக ஸ்டார்ட் செய்யும் ஏற்பாடும், தொடக்க இழுப்பைக் குறைக்கும் ஸ்டார்ட்டரும் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் கழிவுநீர்க் கிணற்றுக்கு வழக்கத்தைவிட அதிகத் தண்ணீர் வரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஒரு பம்பு மட்டும் ஓடினால் போதாது.

மூன்றாவது, இணைப்பு எப்படி? கரண்ட் போனதும் தானாக மாறுமா, அல்லது ஒருவர் வந்து கைப்பிடியை மாற்ற வேண்டுமா? புயல் இரவில் அவரால் வர முடியுமா? புதிய எந்திரமும் பழுதானால், வெளியிலிருந்து வாடகை ஜெனரேட்டரைக் கொண்டுவந்து உடனே இணைக்க ஒரு முனை இருக்கிறதா? சிறிய செலவுதான். ஆனால் முன்கூட்டியே செய்து வைக்காவிட்டால், வாடகை எந்திரம் வாசலில் நிற்கும். இணைக்க எலக்ட்ரீஷியனைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

நான்காவது, எத்தனை நாளைக்கு டீசல்? 100 கிலோவாட் சுமைக்கு மணிக்கு ஏறக்குறைய 27 லிட்டர் செலவாகும். ஒரு நாளைக்கு 650 லிட்டர். மூன்று நாளைக்கு 200 லிட்டர் பீப்பாய் பத்து வேண்டும். தெருவில் மரம் விழுந்து கிடக்கும்போது டீசல் வண்டி எப்படி வரும்? 2023 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய புகை விதிகளின்படி தயாராகும் நடுத்தர, பெரிய எந்திரங்கள் பலவற்றுக்கு டீசலோடு யூரியா கரைசலும் ஊற்ற வேண்டும். அது தீர்ந்தால் எந்திரம் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே அதற்கும் இருப்பு வேண்டும்.

ஐந்தாவது, யார் ஓட்டிப் பார்ப்பார்கள்? மாதம் ஒருமுறையாவது, அரை மணி நேரமாவது, உண்மையான பம்பை அதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். சுமை இல்லாமல் சும்மா ஓட்டினால் எரியாத டீசலும் கரியும் உள்ளே படிந்து எந்திரம் கெடும். ஓட்டிய தேதி, நேரம், பேட்டரியின் நிலை, டாங்கியின் அடியில் தண்ணீர் வடித்த விவரம் எல்லாம் ஒரு நோட்டில் ஏற வேண்டும்.

ஆறாவது, எப்போது மாற்றுகிறார்கள்? பழையதைக் கழற்றிய நாளுக்கும் புதியது ஓடும் நாளுக்கும் நடுவில் நிலையத்துக்குத் துணை எதுவும் கிடையாது. அந்த இடைவெளி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வரக் கூடாது. வந்தே தீரும் என்றால், வாடகை எந்திரம் ஒன்று அங்கே நிற்க வேண்டும். புதியது முழுச் சுமையில் ஓடிக் காட்டிய பிறகுதான் பழையது வண்டி ஏற வேண்டும்.

நிலையத்தின் மதிலை ஒட்டி வசிக்கும் குடும்பங்கள் நம்மிடம் வந்தார்கள். சத்தமும் புகையும் வரும், வேறு இடத்தில் வைக்கச் சொல்லுங்கள் என்றார்கள். அவர்கள் கவலை நியாயமானது. சத்தம் குறைக்கும் கூண்டு, வீடுகளின் ஜன்னலுக்கு மேலே போகும் புகைக்குழாய், மாதாந்திர ஓட்டத்தைத் தொழுகை நேரமும் குழந்தைகள் தூங்கும் நேரமும் இல்லாமல் பகலில் வைப்பது ஆகியவற்றைக் கேட்டு வாங்கித் தருவோம். ஆனால் எந்திரமே வேண்டாம் என்று மனுப் போட நாம் துணை நிற்க மாட்டோம். அது நின்றால் முதலில் சாக்கடை வருவது அதே வீடுகளுக்குத்தான்.

"சோலார் வைத்தால் என்ன?" என்று நம் மாணவர்கள் கேட்டார்கள். நல்ல கேள்வி. சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவிலிருந்து கிடைக்கும் எரிவாயுவைக் கொண்டு நம் மாநகரிலேயே மின்சாரம் எடுக்கிறார்கள். சோலாரும் சாதாரண நாட்களில் மின்கட்டணத்தைக் குறைக்கும். ஆனால் புயல் நாளில் வெயில் இருக்காது. இரவிலும் பம்பு ஓட வேண்டும். மூன்று நாள் ஓட்டும் அளவுக்குப் பேட்டரி வைப்பது இன்று பெரும் செலவு. அதனால் இப்போதைக்கு டீசல் எந்திரம்தான் கடைசித் துணை.

இனி நம் வீடுகளுக்குச் சில வார்த்தைகள். தாய்மார்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்.

புயல் அறிவிப்பு வந்தால் குடிக்கத் தனியாக, புழங்கத் தனியாகத் தண்ணீர் பிடித்து மூடி வையுங்கள். கரண்ட் போய் நேரம் ஆகிவிட்டால், மேல்மாடியில் இருப்பவர்கள் கீழ்வீட்டாரை நினைத்துத் தண்ணீரைக் குறைத்து ஊற்றுங்கள். ஒளுவுக்குக் குழாயைத் திறந்துவிடாமல் செம்பில் எடுத்துச் செய்யுங்கள். குழாயில் மறுபடி தண்ணீர் வந்தால் முதலில் வருவதைக் குடிக்காதீர்கள். தெளிந்த பிறகு பிடித்து, நன்றாகக் கொதி வந்தபின் ஒரு நிமிடமாவது கொதிக்க விட்டு, ஆறவைத்துக் குடியுங்கள்.

வீட்டுக்கோ கடைக்கோ சிறிய ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அதை வீட்டுக்குள்ளோ, மாடிப்படியின் அடியிலோ, ஷட்டரை இறக்கிய கடைக்குள்ளோ ஓட்டாதீர்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். மெயினைப் பிரிக்காமல் வீட்டு வயரிங்கில் அதை இணைக்கவும் கூடாது. அந்தக் கரண்ட் வெளியே லைனுக்குப் போய், கம்பத்தில் ஏறி வேலை செய்யும் மின்ஊழியரின் உயிரை எடுக்கும். அவரும் ஒரு வீட்டின் பிள்ளை.

மிக முக்கியமாக ஒன்று. சாக்கடை நிறைந்துவிட்டது என்று யாரையும் பணம் கொடுத்து மேன்ஹோலுக்குள் இறக்காதீர்கள். உள்ளே இருக்கும் விஷவாயு ஒரு மூச்சில் மயக்கிவிடும். காப்பாற்றக் குனிபவரையும் சேர்த்து இழுக்கும். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தடை செய்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், நம் வீட்டுக் கழிவுக்காக இன்னொரு மனிதர் உயிரைக் கொடுப்பது ஹலாலாகாது. பம்பு ஓடினால் இந்தப் பேச்சே எழாது. ஜெனரேட்டரைப் பற்றி நாம் இவ்வளவு பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் அறக்கட்டளை செய்யப் போவதையும் சொல்லி முடிக்கிறோம். மேலே சொன்ன ஆறு கேள்விகளையும் ஜமாஅத் கையெழுத்தோடு மனுவாகக் கொடுக்கப் போகிறோம். அதில் நம் மஹல்லாவின் கோயில் நிர்வாகத்தாரும் சர்ச் நிர்வாகத்தாரும் கையெழுத்திடச் சம்மதித்திருக்கிறார்கள். சாக்கடைக்கு மதம் கிடையாது. பள்ளிவாசல் ஜெனரேட்டருக்குப் புதிய பேட்டரி போட்டாயிற்று. ஒவ்வொரு மாதமும் முதல் ஜும்ஆ முடிந்ததும் அரை மணி நேரம் அதில் மோட்டாரை ஓட்டுவோம். நோட்டுப் புத்தகம் ஹவுளுக்கு அருகில் தொங்கும். ஓட்டவில்லை என்றால் யார் வேண்டுமானாலும் எங்களைக் கேட்கலாம், கேட்க வேண்டும். மின்தடை நேரத்தில் பள்ளிவாசலின் வெளிக்குழாய் எல்லாச் சமுதாயத்தாருக்கும் திறந்திருக்கும்.

தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பது சிறந்த தர்மம் என்பதை நாம் எல்லாரும் அறிவோம். கலீஃபா ஹாரூன் ரஷீதின் மனைவி ஜுபைதா அம்மையார் மக்காவின் ஹாஜிகளுக்காக வெட்டிய கால்வாய் நூற்றாண்டுகள் கடந்து தண்ணீர் தந்தது. ஏன் தந்தது? வெட்டியவர் ஒருவர், ஆனால் அது தூர்ந்தபோதெல்லாம் தூர் வாரியவர்களும், உடைந்தபோதெல்லாம் கட்டியவர்களும் பலர். வெட்டியவர் பெயர் நமக்குத் தெரியும். பராமரித்தவர்களில் பலரின் பெயர் தெரியாது. அல்லாஹ்வுக்குத் தெரியும்.

புதிய ஜெனரேட்டர் வரட்டும். அதைப் பராமரிப்பது அமானிதம். அதில் அதிகாரிகளுக்கும் பங்கு உண்டு, நமக்கும் பங்கு உண்டு. இன்னொரு ஜனாஸாவுக்காக வீடு வீடாகத் தண்ணீர் கேட்டு நிற்கும் நிலை நம் மஹல்லாவில் இனி யாருக்கும் வரக் கூடாது. அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக, ஆமீன்.